வெற்றிலைச் சுண்ணாம்பும் கணையத்துக் கால்சியமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 48. மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை இழுத்துப் பிடித்த வலியோடு சென்ற மாதம் மருத்துவமனையில் சேர்த்தோம்; கணைய அழற்சி என்றார்கள். மாலையில் குடிப்பார், நாள் முழுவதும் குன்யாவும் (பர்மிய வெற்றிலைச் சுருள்) மெல்லுவார். வெற்றிலைச் சுண்ணாம்புதான் கணையத்தில் இறங்கிவிட்டது என்று அண்ணி உறுதியாகச் சொல்கிறார். இந்த நோய்க்குக் கால்சியமே காரணம் என்று பிரிட்டனில் ஓர் ஆராய்ச்சியாளர் கண்டறிந்ததாக நானும் கேள்விப்பட்டேன். சுண்ணாம்பை நிறுத்தினால் போதுமா?
– ஒரு வாசகி, மோல்மேன்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் அந்தக் கால்சியம் குன்யாக் கடைக்காரர் தகர டப்பாவிலிருந்து எடுத்து இலையில் தடவும் சுண்ணாம்பு அன்று. டென்மார்க்கில் பிறந்து, லிவர்பூலிலும் பின்னர் கார்டிஃபிலும் பணியாற்றிய ஓலே பீட்டர்சன், செரிமான நீரைச் சுரக்கும் கணையச் செல்களுக்குள் கால்சியம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையே பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான் செல்லின் உள்நீரில் இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் காப்பதற்காகச் செல், ஓட்டைப் படகில் நீர் இறைப்பவரைப் போல, ஓயாமல் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது.

நாம் உண்ணும்போது நரம்பிலிருந்தும் குடலிலிருந்தும் வரும் செய்தி, செல்லுக்குள்ளேயே இருக்கும் கிடங்கிலிருந்து சிறிது கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. நொதிப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருக்கும் முனையில் மட்டும், சில நொடிகளுக்கு மட்டும் அது உயர்கிறது. அந்த முனையைச் சுற்றி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் வரப்புப் போல நின்று அதை மறுபுறம் பரவ விடாமல் தடுக்கின்றன. பொட்டலங்கள் வெளியே கொட்டுகின்றன, கால்சியம் அடங்கிவிடுகிறது. இதில் நோய் எதுவும் இல்லை.

அது அடங்காமல் நின்றுவிடும்போதுதான் வினை. மதுவும் கொழுப்பமிலமும் கணையத்தில் சேர்ந்து உண்டாக்கும் எஸ்டர்கள் என்னும் ஒருவகை வேதிப்பொருள்கள் அந்தக் கிடங்கை முற்றிலும் காலி செய்கின்றன. கிடங்கு காலியானதை உணர்ந்ததும் செல்லின் வெளிச்சவ்வில் உள்ள ஓராய் என்னும் வாயில்கள் திறந்து, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதாகி ஆற்றல் தீர்ந்துபோவதால் இறைக்கும் வேலையும் தளர்கிறது. குடலுக்குப் போன பிறகே விழிக்க வேண்டிய டிரிப்சின் என்னும் செரிமான நொதி உள்ளேயே விழித்துக்கொள்கிறது. தான் செய்த நொதியாலேயே செல் அரிக்கப்படுவது இப்படித்தான். பித்தக்கல் அடைப்பால் வரும் நோயிலும் பித்த அமிலங்கள் ஏறக்குறைய இதே வழியில்தான் செல்லைக் கெடுக்கின்றன.

ஆகவே பழியைச் சுண்ணாம்பின்மேல் போட்டால் பாட்டில் தப்பித்துவிடும். வீட்டில் குடியைப் பற்றிப் பேசுவதைவிட வெற்றிலையைப் பற்றிப் பேசுவது எளிது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் உங்கள் அண்ணன் முதலில் விட வேண்டியது குடியை. பித்தக்கல் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள். அண்ணி சொல்வதில் ஒரு சிறு உண்மை உண்டு: இரத்தத்தில் கால்சியம் மிகுதியாக உயர்ந்தாலும் கணைய அழற்சி வரலாம், சிப்பிச் சுண்ணாம்பு சேர்த்த வெற்றிலையை அளவின்றி மென்றவர்களுக்கு இரத்தக் கால்சியம் உயர்ந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் இருக்கின்றன. அது அரிது, ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கு வழி என்பதால் குன்யாவை விடுவதற்கு வேறு வலுவான காரணமே இருக்கிறது.

கேள்வி: கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் கால்சியம் ஏறியதை எப்படிப் பார்த்தார்கள்? அதனால் நோயாளிக்கு என்ன பயன்?
– கல்லூரி மாணவர், யாங்கோன்

பதில்: கால்சியத்தைப் பற்றிக்கொண்டால் ஒளிரும் தன்மை மாறும் சாயங்களைக் கொண்டு பார்த்தார்கள். ரோஜர் சியென் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஃபுரா-2 என்ற சாயம் அவற்றுள் புகழ்பெற்றது. அதைச் செல்லுக்குள் ஏற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், கால்சியம் கூடுவதும் குறைவதும் ஒளியின் மாற்றமாகத் தெரியும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1983இல், கிடங்கைத் திறக்கும் செய்தியாளரான ஐபி3 என்ற மூலக்கூற்றின் வேலையை மைக்கேல் பெரிட்ஜ், இரேனே ஷுல்ஸ் முதலியோர் எலியின் கணையச் செல்களில்தான் முதலில் காட்டினார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்று உடலின் எந்த உறுப்பைப் படித்தாலும் வரும் அந்தப் பெயர் கணையத்தில் பிறந்தது. கால்சியம் அடங்காமல் நிற்பதே கணைய அழற்சியின் தூண்டுதலாக இருக்கக்கூடும் என்ற கருத்தைப் பீட்டர்சனும் உடனாய்வாளர்களும் 1995இல் லான்செட் மருத்துவ இதழில் முன்வைத்தனர். மது தனியே செல்லின் கால்சியத்தை அதிகம் அசைப்பதில்லை, அதிலிருந்து உண்டாகும் எஸ்டர்களே அசைக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

பயன் என்று கேட்டால், ஓராய் வாயிலை அடைக்கும் மருந்துகள் ஆய்வகத்தைத் தாண்டி நோயாளிகளிடம் சோதிக்கப்படும் நிலைக்கு வந்திருக்கின்றன. இரத்தப் புற்றுநோய்க்காகக் குழந்தைகளுக்குத் தரும் அஸ்பராஜினேஸ் என்ற மருந்தும் சிலருக்குக் கணையத்தைப் புண்ணாக்குகிறது. செல்லின் ஆற்றல் தீர்வதுதான் அங்கும் குறை என்பதால், பாலிலுள்ள சர்க்கரையின் ஒரு கூறான கேலக்டோஸைக் கொடுத்து அந்த ஆற்றலை மீட்கலாம் என்று 2018இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். மருத்துவமனையில் இன்றைக்கும் நடப்பது இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றுவதும், வலியைத் தணிப்பதும், கல் இருந்தால் நீக்குவதும்தான்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கு வெராபமில் சாப்பிடத் தொடங்கியதிலிருந்து மலச்சிக்கல். இதற்கும் கால்சியத்துக்கும் தொடர்பு உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பகோ

பதில்: நேரான தொடர்பு உண்டு. இரத்தக் குழாயின் தசைக்குள் கால்சியம் நுழையும் வழியை அடைத்துத்தான் அந்த மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கிறது. குடல் தசையிலும் அதே வழிதான் இருக்கிறது, அங்கும் அடைபடுவதால் குடல் மெதுவாக நகர்கிறது. வயிற்றுப் பிடிப்புக்குப் புதினா எண்ணெய் கேப்சூல் கொடுப்பதும் இதே அடைப்பை நம்பித்தான். ஒருவருக்குத் தொல்லையானது மற்றவருக்கு மருந்தாகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதே வகையைச் சேர்ந்த அம்லோடிபின் குடலை அவ்வளவாகக் கட்டுவதில்லை. உங்கள் இதயத்துக்கு அது ஒத்துவருமா என்பதை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.