மூளையின் துணை செல்களும் டௌ முடிச்சுகளும்: கேள்வி பதில்

கேள்வி: அமிலாய்டு, டௌ இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டும் அல்சைமர் என்னும் மறதி நோயில் மூளையில் சேரும் புரதங்கள். அமிலாய்டு நரம்பு செல்லுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவது. டௌ உள்ளே இருப்பது. செல்லுக்குள் சரக்கு போகிற நுண்குழாய்களைத் தாங்குவதுதான் அதன் வேலை. அதில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் குழாயை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று முறுக்கி முடிச்சாகிவிடும். நினைவு எவ்வளவு மங்குகிறது என்பது அமிலாய்டை விட டௌவோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது.

கேள்வி: மைக்ரோகிளியா என்பது மூளையில் கழிவுகளைத் தின்னும் துணை செல் என்று படித்தேன். டௌவைத் தின்றுவிடாதா சார்?

தின்னும். முழுசாகச் செரிக்காது, அங்கேதான் சிக்கல். விழுங்கிய டௌவில் ஒரு பங்கை எக்சோசோம் என்னும் நுண்பைகளில் கட்டி வெளியே விட்டுவிடுகிறது. பக்கத்து நரம்பு செல் அதை வாங்கிக்கொண்டால் அங்கேயும் முடிச்சு தொடங்கும். 2015-ல் வந்த எலி ஆய்வில் மைக்ரோகிளியாவை அகற்றியதும் டௌ பரவுவது வெகுவாகக் குறைந்தது. எக்சோசோம் உருவாவதைத் தடுத்தபோதும் அப்படியே. இன்னொன்றும் உண்டு. டௌவைக் கண்டு உசுப்பேறிய மைக்ரோகிளியாவில் என்.எல்.ஆர்.பி.3 என்ற அழற்சித் தொகுதி விழித்துக்கொள்கிறது. அந்த அழற்சி, டௌவில் இன்னும் பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளைத் தூண்டுகிறது. இந்தச் சுழற்சியை எங்கே அறுப்பது என்பதுதான் எனக்கு இதில் மிக முக்கியமான கேள்வி.

கேள்வி: அப்படியானால் மைக்ரோகிளியாவையே மருந்தால் அடக்கிவிடலாமே?

அவசரப்படக் கூடாது. மைக்ரோகிளியாவின் டிரெம்2 ஏற்பி பலவீனமாக இருக்கும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் ஆபத்து அதிகம் என்று 2013-லேயே தெரிந்துவிட்டது. அமிலாய்டு திட்டைச் சூழ்ந்து அடைத்து வைப்பதும் இதே செல்தான். எலிகளில் டிரெம்2 இல்லாவிட்டால் திட்டுகளைச் சுற்றி டௌ கூடுகிறது. நாப்ராக்சென் போன்ற அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகளைக் கொடுத்து நோயைத் தடுக்கப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

கேள்வி: துணை செல்களை இப்போதுதான் கவனிக்கிறார்களா?

இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமரே 1907 கட்டுரையில் எழுதியிருக்கிறார். பிராங்பர்ட்டில் தான் பார்த்த நோயாளியின் மூளையில் முடிச்சுகளோடு, பல கிளியா செல்களில், அதாவது துணை செல்களில், கொழுப்பு சேர்ந்திருப்பதையும் குறித்தார். அப்புறம் வெகுகாலம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: எனக்கு அல்சைமர் ஆபத்தோடு தொடர்புள்ள ஏபோஇ4 மரபணு ஒரு பிரதி இருக்கிறது. நோய் வந்தே தீருமா அண்ணா?

அப்படி இல்லை தம்பி. ஆபத்து கூடும், அவ்வளவுதான். அந்த மரபணுவுக்குரிய புரதத்தை மூளையில் பெரும்பாலும் தயாரிப்பது ஆஸ்ட்ரோசைட் என்னும் இன்னொரு வகைத் துணை செல்கள். டௌ நோயுள்ள எலிகளின் ஆஸ்ட்ரோசைட்டில் மட்டும் ஏபோஇ4-ஐ நீக்கியபோதே நரம்புச் சேதம் குறைந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேட்கும் திறன் மூன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள்.