தோழியோடு ஒரே மூச்சில் ஐந்து ஐரோப்பிய நகரங்கள்: சரிப்பட்டு வருமா?

கேள்வி: நானும் என் கல்லூரித் தோழியும் பத்து நாளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், வெனிஸ், ரோம் என்று சுற்ற நினைக்கிறோம். இவ்வளவு வேகம் சரிப்பட்டு வருமா? ஊர் திரும்பும்போது நட்பு மிஞ்சுமா?

சரிப்பட்டு வரும். ஆனால் ஐந்து ஊருக்கு ஐந்து விடுதி என்று திட்டம் போட்டிருந்தால் சிரமம்தான்.

நானும் என் தோழியும் பள்ளியில் ஒரே பெஞ்ச். இப்போது அவள் பெங்களூரில், நான் திருச்சியில், யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பார்த்துக்கொண்டால் உண்டு. ஒரு மே மாதக் கடைசியில் வியன்னாவில் இறங்கி, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பிராக், டிரெஸ்டன் என்று ரயிலிலேயே போய் பெர்லினில் விமானம் ஏறினோம். கேட்பதற்கு ஓட்டப் பந்தயம் மாதிரி இருக்கும். ஆனால் ஆறு ஊரில் நாங்கள் பெட்டியைத் திறந்து தூங்கியது நான்கில்தான். பிராட்டிஸ்லாவாவும் டிரெஸ்டனும் வழியில் இறங்கிப் பார்த்தவை. நிலையத்து லாக்கரில் பெட்டியைப் போட்டுப் பூட்டிவிட்டு, கையை வீசிக்கொண்டு ஊருக்குள் நடந்து, சாயங்கால ரயிலைப் பிடித்துவிட்டோம். வியன்னாவும் பிராட்டிஸ்லாவாவும் இரண்டு நாடுகளின் தலைநகரங்கள், ஆனால் நடுவில் இருப்பது நம் திருச்சி தஞ்சாவூர் தூரம்தான், ரயிலில் ஒரு மணி நேரம். குன்றின் மேல் வெள்ளைக் கோட்டை, கீழே சின்னப் பழைய நகரம், நாலு மணி நேரம் தாராளம். அங்கே ஒரு இரவு தங்கியிருந்தால் பெட்டியைக் கட்டவும் பிரிக்கவுமே அரை நாள் போயிருக்கும்.

அதனால் முதலில் இரவுகளை எண்ணுங்கள். விசாவுக்கும் அதுதான் கணக்கு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒன்றாகச் செல்லும் ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப்போகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும், எல்லாம் சமமாக வந்தால் முதலில் கால் வைக்கும் நாட்டிடம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, போகிற ஊர் ஒன்றும் திரும்புகிற ஊர் வேறுமாக விமான டிக்கெட் எடுங்கள். வியன்னாவுக்கே திரும்பி வந்திருந்தால் எங்களுக்கு ஒரு பகல் முழுக்க ரயிலில் போயிருக்கும்.

பெட்டி சின்னதாக இருக்கட்டும், விமானத்துக்குள் கையில் கொண்டுபோகிற அளவு போதும். பிராக்கின் பழைய தெருக்கள் முழுக்கக் கல் பாவியவை, சக்கரப் பெட்டியை இழுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ரயிலில் நாமேதான் தூக்கி ஏற்ற வேண்டும், பழைய கட்டட விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது.

சரி, நட்பு விஷயம். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஏற்பாடு ரொம்ப எளிது. ரயிலில் சேர்ந்து, இரவுச் சாப்பாடு சேர்ந்து, மதியம் மட்டும் அவரவர் வழி. அவளுக்கு ஓவியம் என்றால் உயிர். வியன்னாவின் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகலின் ஓவியங்கள் இருக்கும் அறைக்குள் போனவள் வெளியே வருவதாக இல்லை. 1563இல் வரைந்த பாபேல் கோபுரம் அங்கே இருக்கிறது, அதில் கல் தூக்கும் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டுமாம். எனக்கு இருபது நிமிடத்தில் கால் கடுக்க ஆரம்பித்துவிட்டது. "நீ பார்த்துட்டு வாடி, நான் சந்தைக்குப் போறேன்" என்று நாஷ்மார்க்ட் பக்கம் போய்விட்டேன். ஆலிவ், பாலாடைக்கட்டி, மசாலா, எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள், வாங்காவிட்டாலும் சாம்பிள் நீட்டுகிறார்கள். இதையே கணவரோடோ மாமியாரோடோ போயிருந்தால் "ஏன், என்கூட வரப் பிடிக்கலையா" என்று ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும். நெருங்கிய தோழியிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேகமான பயணத்துக்குக் குடும்பத்தை விடத் தோழி பொருத்தம் என்று நான் சொல்வது இதனால்தான், சண்டை போட விருப்பமுள்ளவர்கள் பின்னூட்டத்தில் வரலாம்.

பணத்துக்குப் பொதுப் பர்ஸ். இருவரும் சம அளவு போட்டு, டிராம், காபி, லாக்கர், கழிப்பறைக் காசு (ஆமாம், ரயில் நிலையங்களில் பெரும்பாலும் அதற்கும் காசு) எல்லாம் அதிலிருந்தே. யார் எவ்வளவு தின்றார்கள் என்ற கணக்கே எழவில்லை. ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஜெர்மனியில் யூரோ, ஹங்கேரியில் ஃபோரிண்ட், செக்கில் கொருனா. கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கவா" என்று மெஷின் கேட்கும், வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் கொள்ளை.

புடாபெஸ்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் கால் ஓய்ந்துவிட்டது. ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பழைய மெட்ரோ அங்கே ஓடுகிறது, 1896இல் திறந்தது, தரைக்குக் கொஞ்சம் கீழேயே போகும் சின்ன மஞ்சள் பெட்டிகள். அதில் ஏறி செச்செனி வெந்நீர்க் குளியல் நிலையத்துக்குப் போனோம். 1913இல் கட்டிய மஞ்சள் மாளிகை, நடுவில் திறந்தவெளியில் பெரிய குளங்கள், பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர். நீச்சல் உடை விஷயத்தில் பெங்களூரிலிருந்தே எங்களுக்குள் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. கடைசியில் முழங்கால் வரை வரும் உடையோடு போனோம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெரியவர்கள் நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். செருப்பும் துண்டும் கொண்டுபோங்கள், அங்கே வாங்கினால் விலை அதிகம். அன்றைக்குப் பார்க்க இன்னும் நாலு இடம் பட்டியலில் இருந்தது, எதற்கும் போகவில்லை. அவள் அப்பா இறந்த வருடம் பற்றி, நான் வேலையை விட்டது பற்றி, எட்டாம் வகுப்பு கணக்கு டீச்சர் பற்றி, தண்ணீருக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தோம், விரல் நுனியெல்லாம் சுருங்கும் வரை. போனில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம், அப்பா விஷயத்தை அவள் ஒரு தடவையும் எடுத்ததில்லை.

சாப்பாட்டுக்கு அவள் சைவம். ஹங்கேரியில் லாங்கோஷ் கிடைக்கும், எண்ணெயில் பொரித்த பெரிய ரொட்டியின் மேல் புளித்த கிரீமும் துருவிய சீஸும். செக்கில் பொரித்த சீஸ், பெர்லினில் தெருவுக்குத் தெரு ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை. புளிப்புச் செர்ரிப் பழத்தில் குளிர்ச்சியாக ஒரு சூப் வந்தது, "இது பாயசமா ரசமா, முதல்ல அதைக் கேளு" என்றாள். ஆனால் முழுக் கிண்ணத்தையும் அவள்தான் காலி செய்தாள்.

புடாபெஸ்டிலிருந்து பிராக் ஏழு மணி நேரம். பறந்துவிடலாமா என்று தோன்றும், வேண்டாம். புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் டான்யூப் ஆறு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டே வரும், அக்கரையில் எஸ்டர்கோம் பேராலயத்தின் குவிமாடம் தெரியும். உணவுப் பெட்டியில் ஒரு காபியோடு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கலாம். ஓடி ஓடிப் பார்க்கும் பயணத்தில் ஓய்வு கிடைப்பது ரயிலில்தான், அதையும் விமானத்துக்குக் கொடுத்துவிட்டால் செக்யூரிட்டி வரிசையில் நின்றே நட்பு தேயும். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் மிக மலிவு, ஆனால் குறிப்பிட்ட அந்த ரயிலில் மட்டும்தான் செல்லும். ஜெர்மனி, செக் பக்கம் டிக்கெட் வேறு, இருக்கை முன்பதிவு வேறு என்பதையும் கவனியுங்கள்.

பிராக்கில் மணிக்கூண்டுக் கடிகாரத்தின் அடியில் ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் கூடுகிறது. 1410இல் செய்த கடிகாரம் என்பதற்காகப் பார்க்கலாம், பொம்மைகள் வந்து போவதை மட்டும் எதிர்பார்த்து நின்றால் சப்பென்று முடிந்துவிடும். சார்லஸ் பாலத்துக்கு விடிகாலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே நடக்க முடியாது, அவ்வளவு கூட்டம். எழுப்பினேன், "பாலம் எங்கேயும் போகாது, நீ போ" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். தனியாகப் போய் முப்பது சிலைகளையும் பார்த்துவிட்டு, வரும்போது சூடாக ரொட்டி வாங்கி வந்தேன்.

பெர்லின் ரயிலில் வலப்பக்கம் உட்காருங்கள், எல்பே ஆறும் மணற்பாறைக் குன்றுகளும் அந்தப் பக்கம்தான். டிரெஸ்டனில் நாங்கள் இறங்கியது ஃபிராவன்கிர்ஷ தேவாலயத்துக்காக. 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் இடிந்து விழுந்து, பல பத்தாண்டுகள் கற்குவியலாகக் கிடந்து, 2005இல் மறுபடி திறக்கப்பட்டது. வெளிர் நிறப் புதுக் கற்களுக்கு நடுவே கறுப்பாகத் தெரிபவை பழைய கற்கள், பொறுக்கி எடுத்து முடிந்தவரை அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பெர்லினில் நாங்கள் பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லை என்றால் வருத்தப்படுவீர்களா? ஊரை ஒரு காலத்தில் இரண்டாகப் பிரித்த சுவரின் மிச்சத்தைப் பார்த்தோம். மற்றபடி டெம்பெல்ஹோஃப், 2008இல் மூடிய விமான நிலையம், ஓடுபாதை இப்போது பூங்கா, ஜனங்கள் அதில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரமே தெரியவில்லை. இதே திட்டத்தை டிசம்பரில் போட்டால் நாலு மணிக்கே இருட்டிவிடும், அப்போது ஊர்களைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அதில் இடிப்பது ஆம்ஸ்டர்டாம். பாரிஸிலிருந்து வடக்கே போய் மறுபடி தெற்கே சூரிச் வருவதில் ஒரு முழுப் பகல் போகும். அதை எடுத்துவிட்டால் பாரிஸிலிருந்து சூரிச் நேர் ரயிலில் நாலு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து ஆல்ப்ஸுக்கு அடியில் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம் வழியாக மிலன், மிலனிலிருந்து வெனிஸ், வெனிஸிலிருந்து ரோம் நாலு மணி நேரம். பாரிஸில் இறங்கி ரோமில் விமானம் ஏறுங்கள். படுக்கை நாலு, மிலனில் வேண்டுமானால் லாக்கரில் பெட்டியைப் போட்டுவிட்டு பேராலயத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாம் இல்லாமல் வரமாட்டேன் என்று தோழி அடம் பிடித்தால் சூரிச்சை வெட்டிவிட்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெனிஸுக்கு விமானம் பிடியுங்கள், அந்த ஒரு தடவை பரவாயில்லை. எதுவானாலும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள், காலையில் எத்தனை மணிக்கு எழுவார் என்பதையும் சேர்த்து.