மிச்சத் துணி பிட்டுகளை வெச்சு வின்டர்ல வீட்டுலயே க்வில்ட் தைக்கலாமா? மெஷின் கண்டிப்பா வேணுமா, செலவு ஆகுமா?

தைக்கலாம். மெஷின் இல்லாமயும் முடியும். ஆனா செலவே ஆகாதுன்னு யாராவது சொல்லியிருந்தா நம்பாதீங்க. "வீணாப் போற துணிதானே, ஓசியில ஒரு போர்வை"ன்னு நெனச்சுத்தான் நானும் இதுக்குள்ள விழுந்தேன்.

நான் இருக்கறது கனடால, எட்மன்டன்ல. டிசம்பர்ல இங்க காலைல எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் வரும், சாயங்காலம் நாலே காலுக்கெல்லாம் கிளம்பிரும். மைனஸ் முப்பது போற நாள்ல ராத்திரி பூரா கார் இன்ஜின் ஹீட்டருக்கு ப்ளக் சொருகி வெச்சாத்தான் காலைல ஸ்டார்ட் ஆகும், போனுக்கு சார்ஜ் போடற மாதிரி. வந்த புதுசுல மொத வின்டர் முழுக்க சீரியல் பாத்தே ஓட்டினேன், மார்ச் மாசம் வர்றப்ப எனக்கே என் மூஞ்சிய பாக்கப் புடிக்கல. ரெண்டாவது வின்டர்ல ஒரு நாள் பெட்டிய ஒழிக்கலாம்னு தொறந்தா அடியில இருந்தது பூரா ப்ளவுஸ் பிட்.

ப்ளவுஸ் பிட் கதை உங்களுக்கே தெரியும். கொலுவுக்குப் போனா ஒண்ணு, வளைகாப்புக்கு ஒண்ணு, கிரகப்பிரவேசத்துக்கு ஒண்ணு, வெத்தல பாக்கு மஞ்சளோட கைல குடுத்துருவாங்க. யாரும் தைக்க மாட்டாங்க. அந்த 80 சென்டிமீட்டர்ல கை நீளமா வெச்சு தைக்கணும்னா டெய்லர் மூஞ்சியச் சுளிப்பாரு, கலரும் நம்ம கிட்ட இருக்கற ஒரு புடவைக்கும் சேராது, அதனால அது பீரோக்குள்ள போயி அடுத்த நவராத்திரிக்கு இன்னொரு வீட்டுக்குக் கிளம்பிரும். நாங்க குடுத்த பிட்டு ஒண்ணு மூணு வருஷம் கழிச்சு எங்க வீட்டுக்கே திரும்பி வந்துச்சு, மடிப்புல அம்மா சிந்தின குங்குமக் கறை அப்படியே இருந்துச்சு, அத வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். மதுரைலேருந்து நான் கிளம்பறப்ப இதுல 23 பிட்டை அம்மா பெட்டில திணிச்சு விட்டாங்க, "வீட்டுக்கு யாராச்சும் சுமங்கலி வந்தா வெறுங்கையோட அனுப்பக் கூடாதுல்ல"ன்னு. மைனஸ் முப்பதுல எந்த சுமங்கலி வர்றா!

சரி, இத வெட்டித் தைக்கலாம்னு உக்காந்தேன். எங்க ஊர்ல பிட்டுத் துணின்னா மிதியடி, அடுப்புல பாத்திரம் எறக்க பிடிதுணி, அதோட முடிஞ்சுது. பழைய நூல் புடவைய நாலா மடிச்சு கைக்கொழந்தைக்கு விரிப்போம். போர்வையாத் தைக்கற அளவுக்கு மதுரைல என்னிக்கு குளிர் அடிச்சிருக்கு.

மொதல்ல செலவு பத்தி சொல்லிடறேன். க்வில்ட்ங்கறது மூணு அடுக்கு. மேல ஒட்டுப் போட்ட துணி, நடுவுல பஞ்ச தகடா அமுக்கின மாதிரி ஒரு ஷீட், இங்க அதுக்கு பேட்டிங்னு பேரு, கீழ ஒரே துணியா ஒரு பேக்கிங். இந்த மூணையும் சேத்துப் புடிக்கிற தையலுக்குத்தான் க்வில்டிங்னு பேரு. துண்ட துண்டோட இணைக்கிறது வெறும் பேட்ச்வொர்க், பாதி வேலை அவ்ளோதான். பிட்டுத் துணி ஓசின்னா அந்த மேல் அடுக்கு மட்டும்தான் ஓசி. பேட்டிங் காசு, அகலமான பேக்கிங் காசு, நூல் காசு, அப்புறம் பீட்சா வெட்டற மாதிரி ஒரு ரோட்டரி கட்டர், அதுக்கு அடியில வெக்க மேட், இன்ச் கோடு போட்ட கண்ணாடி மாதிரி ஸ்கேல்னு வரிசையா வரும். என் மொத க்வில்ட்டுக்கு ஆன காசுல கடைல ரெண்டு கம்ஃபர்ட்டர் வாங்கியிருக்கலாம், வீட்டுக்காரர் இன்னிக்கி வரைக்கும் சொல்லிக் காட்டறாரு. கொறைக்கணும்னா வழி இருக்கு. நைஞ்சு போன காட்டன் போர்வை இருந்தா அதையே நடுவுல வெச்சுரலாம், பேக்கிங்குக்கு பழைய பெட்ஷீட் போதும். ஆனா கையால தைக்கறவங்க நெருக்கமான நெசவு பெட்ஷீட்ட வெக்காதீங்க, ஊசி எறங்கவே எறங்காது, விரல் போயிரும்.

அடுத்தது துணி. எது கெடைச்சாலும் போட்டுத் தைக்கலாம்னு நான் நெனச்சேன். டூ பை டூ பிட்டு, சில்க் காட்டன், கிழிஞ்ச நைட்டி, ஒரு ஜீன்ஸ் கால், எல்லாத்தையும் ஒண்ணா சேத்தேன். மொத தடவ தோச்சப்ப காட்டன் சுருங்கிச்சு, பாலியஸ்டர் சுருங்காம உப்பிக்கிட்டு நின்னுச்சு, சில்க் காட்டன் தையல் பக்கத்துல நூல் நூலாப் பிரிஞ்சு வந்துருச்சு. ஜீன்ஸ் வெயிட்டுக்கு அந்தப் பக்கம் பூரா தொங்கிப் போச்சு. கனம் ஒரே மாதிரி இருக்கற காட்டன் மட்டும் எடுங்க. என்ன துணின்னு தெரியலன்னா ஓரத்துலேருந்து நாலு நூல உருவி, இடுக்கியில புடிச்சு சிங்க் பக்கத்துல நின்னு கொளுத்திப் பாருங்க. காட்டன் பேப்பர் எரியற வாசனையோட சாம்பலாயிரும், பாலியஸ்டர் உருகி கெட்டியா ஒரு உருண்டையா நிக்கும். இங்க வின்டர்ல வீட்டுக்குள்ள காத்து அவ்ளோ காஞ்சு கெடக்கும், பாலியஸ்டர தொட்டாலே சுரீர்னு ஷாக் அடிக்கும், அதுவே பாதி டெஸ்ட்டு. பனியன் துணி வேணவே வேணாம், இழுத்தா நீளும், தையல் அலை அலையா வரும்.

சாயம் போறது இன்னொரு தலைவலி. என் கிட்ட இருந்த மெரூன் சுங்குடி துண்ட ரெண்டு தடவ அலசிட்டு, இதுக்கு மேல போகாதுன்னு வெச்சு தைச்சேன். முழு க்வில்ட்டையும் மெஷின்ல போட்டு எடுத்தா பக்கத்துல இருந்த க்ரீம் கட்டம் எல்லாம் ரோஸ் மில்க் கலர்ல வந்து நிக்குது. கல்லுப்பு போட்டு ஊற வைன்னு அம்மா சொன்னதயும் முன்னாடியே செஞ்சு பாத்தேன், என் துணிக்கு அது கேக்கல. இப்ப நான் ஈரப்படுத்தின துண்டு மேல ஒரு வெள்ளத் துணிய வெச்சு அயர்ன் பாக்ஸால அழுத்திப் பாக்கறேன், வெள்ளைல கொஞ்சூண்டு கலர் ஏறினாலும் அந்தத் துண்டு பிடிதுணிக்குப் போயிரும். லைனிங் துணியும் இப்படித்தான் ஏமாத்தும், உஷார்.

இப்ப முக்கியமான விஷயம். யூடியூப் பாத்தா எல்லாரும் டிசைன் பத்தியே பேசுவாங்க. என் அனுபவத்துல டிசைன் கெட்டுப் போய் யாரும் பாதியில விட்டுட்டுப் போகல, அளவு கெட்டுப் போய்த்தான் விடறாங்க. க்வில்ட்டுக்குத் தையல் விளிம்பு கால் இன்ச், நம்ம டெய்லர் பாஷைல ரெண்டு நூல். (ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல், ஆசாரியும் டெய்லரும் இப்பவும் இப்படித்தான் பேசுவாங்க.) நான் 4 இன்ச் கட்டமா வெட்டினேன், தைச்சு முடிச்சா அது மூணரை இன்ச் ஆகும், வரிசைக்கு 12 கட்டம், மொத்தம் 14 வரிசை, ஆக 168 துண்டு. கணக்குப்படி 42க்கு 49 இன்ச் வரணும். எனக்கு என்னாச்சுன்னா சில நாள் அரை நூல் தள்ளி தையல் போயிருக்கு. அரை நூல்னா கண்ணுக்கே தெரியாது. ஆனா ஒரு கட்டத்துக்கு ரெண்டு பக்கம், அப்ப ஒரு நூல் காணாமப் போச்சு, 12 கட்டத்துக்கு 12 நூல், ஒன்றரை இன்ச்! ஒரு வரிசை 42 இன்ச், அடுத்தது நாப்பதரை, ரெண்டையும் இழுத்துப் புடிச்சு சேத்தா மத்தில முட்டு முட்டா நிக்குது. எல்லாத்தையும் பிரிச்சேன். பிரிக்கறதுக்கே ஜனவரில ரெண்டு வாரம் போச்சு. இப்ப மெஷின் தட்டுல ஊசிலேருந்து சரியா ரெண்டு நூல் தள்ளி ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி வெச்சிருக்கேன், துணி ஓரம் அத ஒட்டியே போகணும், அவ்ளோதான் டெக்னிக்.

அயர்ன் பண்றதுலயும் ஒண்ணு இருக்கு. தேய்க்கக் கூடாது, பொட்டிய வெச்சு அமுக்கி எடுக்கணும். தேய்ச்சா துண்டு கோணலா இழுத்துக்கும், அதுவும் கிராஸா வெட்டின துண்டுன்னா கேக்கவே வேணாம். ஒத்தப்படை வரிசைல தையல் மடிப்ப வலது பக்கமும் ரெட்டப்படைல இடது பக்கமும் படுக்க வெச்சா, ரெண்டு வரிசையும் சேர்ற எடத்துல மடிப்பும் மடிப்பும் ஒண்ணுக்கொண்ணு மாட்டிக்கிட்டு மூலை நச்சுனு உக்காரும். மொத தடவ அப்படி ஒரு மூலை சரியா வந்தப்ப வீட்டுல இருந்த எல்லாரையும் கூப்ட்டு காட்டினேன். யாருக்கும் ஒண்ணும் புரியல.

கலர் பொருத்தம் பத்தி ரொம்ப மண்டைய உடைச்சுக்க வேணாம். துண்டெல்லாம் தரைல பரப்பி போன்ல ஒரு போட்டோ எடுத்து பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்திப் பாருங்க. எது வெளிர், எது அடர்த்தின்னு அப்பத்தான் தெரியும். எங்கயும் ஒரே சாம்பலா இருந்தா க்வில்ட்டும் சப்புன்னு இருக்கும். இத பகல்லயே முடிச்சிருங்க. ராத்திரி டியூப்லைட்ல கறுப்புன்னு நெனச்சு நான் சேத்த ஆறு துண்டு காலைல பாத்தா நேவி ப்ளூ. நாலு மணிக்கு இருட்டற ஊர்ல பகல் வெளிச்சம் தங்கம் மாதிரி, அதனால கலர் பிரிக்கிற வேலைய சனி ஞாயிறு மத்தியானத்துக்கு வெச்சுக்குவேன், தையல் எல்லாம் ராத்திரிக்கு.

மெஷின் கேட்டீங்கல்ல. நான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு சாதா மெஷின் வாங்கினேன், நேர் தையல் போட்டா போதும், 200 டிசைன் போடற மெஷின் எதுக்கும் ஆகாது. ஆனா கட்டங்கள இணைக்க மெஷின் சுகம், மூணு அடுக்கையும் சேத்து தைக்கறப்ப அதே மெஷின் நரகம். அவ்ளோ பெரிய மூட்டைய சுருட்டி அந்தச் சின்ன சந்துக்குள்ள தள்ளித் தள்ளி தோள்பட்ட போயிரும், அடித் துணி வேற மடிஞ்சு மாட்டிக்கும். தரைல விரிச்சு ஒரு ஜாணுக்கு ஒரு ஊக்கு குத்திட்டு ஆரம்பிச்சா மடிப்பு கொஞ்சம் கொறையும். மூணாவது க்வில்ட்லேருந்து அந்தப் பாகத்த கையாலயே தைக்கறேன். ஓட்டுத்தையல்தான், நூலோட்டறது தெரிஞ்சவங்க எல்லாருக்கும் வரும். அது மடியில கெடக்கும், தைக்கறப்பவே கால் கதகதன்னு இருக்கும், வின்டர் வேலைன்னா அதுதான் வேலை.

மெஷினும் இல்ல, ஸ்கேல் புடிச்சு வெட்ட பொறுமையும் இல்லன்னா உங்களுக்கு கவண்டின்னு ஒரு வகை க்வில்ட் இருக்கு. கர்நாடகால உத்தர கன்னட மாவட்டம் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி (Siddi)ங்கற சமூகத்து மக்கள் இருக்காங்க, ஆப்பிரிக்க வம்சாவளி, பல தலைமுறையா அங்கயே குடி. அந்தப் பொம்பளைங்க தைக்கற க்வில்ட் அது. அடியில பழைய புடவைய விரிச்சு ஓரத்துலேருந்து ஆரம்பிச்சு துண்டு மேல துண்டா வெச்சு, விளிம்ப மடிச்சு மடிச்சு சுத்திச் சுத்தி உள்ள வந்து நடுவுல முடிப்பாங்க. இணைக்கறதும் க்வில்டிங்கும் ஒரே தையல்ல முடிஞ்சுரும், துண்டு எந்த சைஸ்ல இருந்தாலும் கவலையில்ல. நாலு மூலைலயும் மடிச்ச சின்னத் துணிய பூ மாதிரி வெச்சாத்தான் அவங்களுக்கு அது முடிஞ்ச மாதிரி. என் 168 கட்டத்த பிரிச்சிட்டு உக்காந்திருந்தப்ப இது மட்டும் தெரிஞ்சிருந்தா...

அமெரிக்கால அலபாமா பக்கம் ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர் இருக்கு, அங்க கறுப்பினப் பெண்கள் வயல்ல போட்டுக் கிழிஞ்ச ஜீன்ஸ், வேலைச் சட்டை எல்லாத்தையும் வெட்டி, குளிர் உள்ள வர்ற மரவீட்டுல போத்திக்கறதுக்காக தைச்ச க்வில்ட்டுகள் 2002ல நியூயார்க் விட்னி மியூசியம் சுவர்ல தொங்கிச்சு, 2006ல தபால் தலையாவும் வந்துச்சு. பலதுல கட்டம் நேரா இருக்காது. அதப் பாத்துட்டு நான் "அப்ப என்னுதும் ஆர்ட்டுதான்"னு வீட்டுக்காரர் கிட்ட சொன்னேன், அவரு என் முட்டுப் போட்ட வரிசைய பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம காபி போடப் போய்ட்டாரு. அவங்க தெரிஞ்சே கோணலா வெட்டறாங்க, நமக்குத் தெரியாமக் கோணுது, வித்தியாசம் இருக்கு.

சைஸ் பத்தி ஒரே வார்த்தை: டபுள் காட்டுக்கு ஆரம்பிக்காதீங்க. உக்காந்து டிவி பாக்கறப்ப மடியில போட்டுக்கற சைஸ் போதும், அதுவே எனக்கு நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் இழுத்துச்சு. ரோட்டரி கட்டர வேலை முடிஞ்ச நிமிஷமே மூடி வைங்க, என் இடது கை ஆள்காட்டி விரல் நகம் பாதி அதுக்குத்தான் போச்சு.

போன மாசம் நாலாவது க்வில்ட்டுக்கு ஓரம் மட்டும் பாக்கி இருந்தப்ப வீடியோ கால்ல அம்மாட்ட காட்டினேன். நல்லா இருக்குன்னு சொல்வாங்கன்னு பாத்தா போன கிட்டக் கொண்டு வரச் சொல்லி ஒவ்வொரு கட்டமா பாக்கறாங்க. இது மாடி வீட்டு மாமி கொலுவுக்கு வெச்சுக் குடுத்தது, இது உன் வளைகாப்புல வந்தது, அந்த கிளிப்பச்சை உன் அத்தை குடுத்தது, அவ எப்பவும் அந்தக் கலர்தான் எடுப்பான்னு வரிசையா சொல்லிட்டே வந்தவங்க ஒரு மாம்பழ மஞ்சள் கட்டத்துல நின்னுட்டாங்க. "ஏண்டி, இத எதுக்கு வெட்டின? இது நல்ல பிட்டாச்சேடி, யாருக்காச்சும் வெச்சுக் குடுத்திருக்கலாம்ல."