அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியாவில் குழந்தையைத் தத்தெடுக்கிறோம்: ஹோம் ஸ்டடிக்கு எப்படித் தயாராவது, ஊரில் உள்ள பெற்றோரிடம் எப்போது சொல்வது?

உங்கள் சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம் என்றும், கணவன் மனைவி இருவரும் அமெரிக்காவில் இருப்பதாகவும், தத்தெடுப்பு முகமை ஒன்றில் பதிந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஹோம் ஸ்டடிக்கு, அதாவது தத்தெடுக்கப் போகும் குடும்பத்தைச் சமூகப் பணியாளர் ஒருவர் ஆராய்ந்து அறிக்கை எழுதும் ஆய்வுக்கு, வீட்டை எப்படி ஒழுங்கு செய்வது என்றும், அது நல்லபடியாக முடிந்த பிறகு பெற்றோரிடம் சொன்னால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. வீட்டை ஒழுங்கு செய்வதற்கு முன்பாகப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். அதை வலியுறுத்தத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவன். என் தங்கையும் மாப்பிள்ளையும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். நம் நாட்டின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் வழியாக ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அந்த ஹோம் ஸ்டடியின் முக்கியமான பகுதி அவர்களுடைய வீட்டில் நடக்கவில்லை, எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில்தான் நடந்தது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன். முகமைக்கு முகமை, மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறுபடும் என்பதை அறிவேன். எங்களுக்கு நடந்தது எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற பழக்கத்திலேயே நாம் ஹோம் ஸ்டடியையும் நினைத்துக்கொள்கிறோம். வீட்டையும் பார்க்கத்தான் செய்கிறார்கள். குழந்தைக்குப் படுக்க இடம் இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, மருந்துகளும் துப்புரவு திரவங்களும் கைக்கு எட்டாமல் இருக்கின்றனவா, நீச்சல் குளம் இருந்தால் வேலி இருக்கிறதா, துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் ஒரு பொழுதில் முடிந்துவிடும். மீதி முழுவதும் பேச்சுதான். கணவனைத் தனியே, மனைவியைத் தனியே, பிறகு இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, வளர்ந்த விதம், பெற்றோர் தண்டித்த விதம், திருமண வாழ்க்கை, பிள்ளையில்லாத துயரத்தை எப்படிக் கடந்தார்கள், பணம், உடல்நலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். அமெரிக்க நடைமுறையின்படி வருமானம் பொதுவாக அங்குள்ள வறுமைக்கோட்டு வரையறையில் 125 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பை நெறிப்படுத்தும் ஹேக் ஒப்பந்தத்தை ஏற்ற நாடுகளிலிருந்து தத்தெடுப்பவர்கள் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். முடிந்த அறிக்கையை அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கான ஐ-800ஏ என்ற விண்ணப்பத்துடன் அனுப்பும்போது அது 6 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஆகவே மற்றக் காகிதங்களைத் திரட்டிக்கொண்ட பிறகு அறிக்கையை முடிப்பதே நல்லது.

இந்த ஆய்வு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல முடியும். செய்தி கேள்விப்பட்ட என் சித்தப்பா, "நம்ம காசுல நாம ஒரு புள்ளைய வளத்தறதுக்கு வெள்ளக்காரங்கிட்ட எதுக்குக் கணக்குச் சொல்லோணும்?" என்று சத்தம் போட்டார். வெளிநாட்டுத் தத்தெடுப்பில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்டு, 1984-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க விண்ணப்பிப்பவர்களின் குடும்பத்தை ஆராய்ந்த அறிக்கை வேண்டும் என்பது அப்போதே சொல்லப்பட்டது. 2003-இல் இந்தியா ஹேக் ஒப்பந்தத்தை ஏற்றது. அதற்குப் பிறகும் 2005-இல், சென்னையில் குழந்தைகளைத் திருடித் தத்துக்குக் கொடுத்த கும்பல் பிடிபட்ட செய்தியை நாமெல்லாம் படித்தோம். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை இழந்த தாய்மார்கள் அந்தச் செய்தியில் இருந்தார்கள். அவர்களை நினைத்துக்கொண்டால், எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்வதுதான் நியாயம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சத்தம் குறைந்தது.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் தாயார் ஆண்டுதோறும் சில மாதங்கள் தங்கையுடன் போய்த் தங்குவார். வீட்டில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்பது விதி. பெரியவர் வந்து தங்கி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் போகிறார் என்பதால் அவரையும் சேர்த்துவிடலாம் என்று அந்தச் சமூகப் பணியாளர் முடிவு செய்தார். அதனால் அம்மாவுக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்று தேவைப்பட்டது. கோயம்புத்தூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் விண்ணப்பித்தோம். பிறகு காவல் நிலையத்திலிருந்து ஒருவர் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தார். அம்மா அவரைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். "உங்க மேல ஏதாச்சும் வழக்கு இருக்குதுங்களா?" என்று அவர் முறைப்படி கேட்டார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற தகராறில் பங்காளி ஒருவர் என் தந்தையின் மீது எப்போதோ கொடுத்த புகாரைக்கூட அம்மா விடாமல் சொல்லி, அது பேசித் தீர்ந்துவிட்டதையும் சொன்னார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அது இதற்கு வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தங்கை முன்பே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்காவிட்டால், 70 வயதைத் தாண்டிய அந்த அம்மாவிடம் இந்தச் சான்று எதற்கு என்று நான் என்ன சொல்லியிருப்பேன்?

சில வாரங்கள் கழித்துக் காணொளி அழைப்பு வந்தது. மொழிபெயர்ப்புக்கு ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை ஏற்பவர் என்று என் பெயரையும் என் மனைவியின் பெயரையும் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி எங்களிடம் முதலில் கேட்டார்கள். என் பிள்ளைகளோடு சேர்த்து அவளையும் படிக்க வைப்போமா, சொத்து விஷயத்தில் மனக்கசப்பு வருமா என்று நேராகவே கேட்டார்கள். நாங்கள் இருவரும் முன்பே பேசி வைத்திருந்ததால் தயங்காமல் சொன்னோம். பிறகு அம்மாவிடம், குழந்தையின் சாதி தெரியாமல் இருக்கலாம், நிறம் வேறாக இருக்கலாம், பேத்தி என்று எல்லோர் முன்னும் சொல்வீர்களா என்று கேட்டார்கள். அம்மா அந்தக் கணினியைப் பார்த்து, "அம்மிணி, எம்பட மக தூக்கி வளத்தறா. அப்பறம் அது யாரு பெத்த புள்ளைனு நான் எதுக்குக் கேக்கோணும்? எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், நெறமெல்லாம் எனக்கு ஒண்ணுதான். ஆனா அதுக்குத் தமிழ் மட்டும் சொல்லிக் குடுக்கோணும், இல்லாட்டி நான் யாருகிட்டப் பேசறது?" என்றார். மொழிபெயர்த்த பெண்ணுக்குக் குரல் தழுதழுத்தது. இதில் ஒரு சொல்கூட நாங்கள் சொல்லிக் கொடுத்ததல்ல. பெரியவர்களுக்குப் பதிலை மனப்பாடம் செய்து வைக்காதீர்கள். அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, ஆற அமர நினைத்துப் பார்க்க நாள் கொடுங்கள், அது போதும்.

நம் பக்கத்தில் ஒரு குழந்தை குடும்பத்துக்குள் வருவது என்றால் கூட்டம் (குலப் பிரிவு) எது, குலதெய்வம் எது, முடியெடுப்பது எங்கே என்ற கேள்விகளோடுதான் வரும். பிள்ளையில்லாத பெண்களை மங்கல காரியங்களில் பின்னுக்குத் தள்ளி நிறுத்தும் வழக்கத்தால் என் தங்கை பட்ட வேதனையை நான் அருகிலிருந்து பார்த்தவன். அந்த வழக்கத்தின் மீது எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. தத்தெடுக்கிறாள் என்று தெரிந்தபின் அதே உறவினர்களில் சிலர், "எந்தக் கூட்டத்துப் புள்ளைனு தெரியாம எப்படிங்க கோயில்ல சேத்தறது?" என்று கேட்டார்கள். காதுகுத்துக்குக் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்த மடி என்னுடையது, மற்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்று சொன்னேன். சமூகப் பணியாளர் கேட்டபோதும் இதையே சொன்னேன். அவர் மடி என்பதன் பொருளைக் கேட்டு எழுதிக்கொண்டார் என்று தங்கை பிறகு சொன்னாள்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். தங்கையின் பிறப்புப் பதிவில் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் பலருக்கும் அப்படித்தான், 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பெயரைச் சேர்க்கக் கொடுத்த விண்ணப்பத்தோடு முகமையின் கடிதமும் இருந்தது. ஓர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அதைப் படித்துவிட்டு, எங்கள் உறவினர் ஒருவரிடம் அப்படியே சொல்லிவிட்டார். சொந்தங்களுக்குச் சொல்ல நாங்கள் ஒரு நல்ல நாளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் எழுதிய காகிதத்தை வாயில் போட்டு மெல்லும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள்? உங்களுக்கும் ஊரிலிருந்து காகிதம் எடுக்க வேண்டி வரும். யாரிடமும் தேவைக்கு மேல் ஒரு கடிதத்தையும் கொடுக்காதீர்கள். பெற்றோருக்கு இந்தச் செய்தி மூன்றாம் மனிதர் மூலம் போய்ச் சேரும்படி விடாதீர்கள். இன்னொன்று: பள்ளிச் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர், அமெரிக்கக் காகிதத்தில் கணவர் பெயர் என்று நம் பெண்களின் பெயர் மூன்று விதமாக இருக்கும். மூன்றும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள்.

எதை மறைப்பது என்று பலர் ஆலோசனை சொல்வார்கள். மாப்பிள்ளை தன் தந்தை இறந்த பிறகு சில காலம் மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டார். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அதைச் சொன்னால் குழந்தையே கிடைக்காது என்று பயமுறுத்தினார்கள். அவர் முதல் சந்திப்பிலேயே சொன்னார். மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் கேட்டார்கள், கொடுத்தார், அறிக்கையில் ஒரு பத்தியாக அது இடம்பெற்றது, அவ்வளவுதான். கைதான சம்பவம் ஏதாவது இருந்தால், நீதிமன்றப் பதிவிலிருந்து நீக்கப்பட்டிருந்தாலும் அமெரிக்க விதிப்படி அதைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பு வேறோர் ஹோம் ஸ்டடி பாதகமாக முடிந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். செயலை விட மறைப்பே பெரிய தடையாகிவிடும்.

வயதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இந்தியாவின் 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிமுறைகளின்படி 2 வயது வரையிலான குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயது வரை 90. 4 முதல் 8 வயது வரை 100. தங்கையும் மாப்பிள்ளையும் 85-ஐத் தாண்டியிருந்ததால் கைக்குழந்தை என்ற எண்ணத்தை விட்டுவிட்டார்கள். எத்தனை வயதுக் குழந்தையை வளர்க்கத் தகுதியானவர்கள் என்பதை ஹோம் ஸ்டடி அறிக்கையே வரையறுத்துச் சொல்லும். ஆகவே சமூகப் பணியாளர் கேட்கும் முன் நீங்கள் இருவரும் அதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

உள்நாட்டிலேயே இத்தனை பேர் காத்திருக்க, வெளிநாட்டில் இருப்பவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று இதைப் படிக்கிற யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஒரு குழந்தைக்கு முதலில் பிறந்த நாட்டிலேயே குடும்பம் தேட வேண்டும் என்பது ஹேக் ஒப்பந்தத்தின் அடிப்படை. அதைத் தாண்டித்தான் வெளிநாட்டுத் தத்தெடுப்பு வருகிறது. எங்கள் குழந்தை எந்த ஊரிலிருந்து, எந்தச் சூழலில் வந்தாள் என்பதை மட்டும் நான் எழுத மாட்டேன். அந்தக் கதை அவளுக்குச் சொந்தம். வளர்ந்த பின் விரும்பினால் அவளே சொல்லட்டும்.

குழந்தை வீட்டுக்கு வந்ததோடு ஆய்வு நின்றுவிடாது என்பதையும் பெற்றோரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் 6 மாதத்துக்கு ஒருமுறையும் குழந்தை எப்படி இருக்கிறாள் என்ற அறிக்கை காராவுக்குப் போக வேண்டும். அம்மா அங்கே இருந்தபோது வந்த அதே சமூகப் பணியாளருக்கு, குழந்தை தமிழில் வணக்கம் சொன்னாளாம்.

கடைசியாக, உங்கள் பெற்றோர் மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் உங்களைத் தயங்க வைக்கிறது என்று நினைக்கிறேன். மறுத்தால் அதையும் அப்படியே சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். என் சித்தப்பாவின் எதிர்ப்பும் எங்கள் அறிக்கையில் எழுதப்பட்டது. ஊருக்கு வரும்போது அவருடைய பேச்சு குழந்தையின் காதில் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று தங்கை சொன்ன பதிலும் அதற்குக் கீழேயே எழுதப்பட்டது. அதற்காக யாரும் எங்களை நிராகரிக்கவில்லை.