சென்சார் வைத்த சிட்டுக்குருவிப் பெட்டியை எந்தப் பொருளில் செய்வது?

கேட்டவர் சுருக்கமாகக் கேட்டிருக்கிறார்: கேமராவும் வெப்பநிலை சென்சாரும் வைத்த சிட்டுக்குருவிப் பெட்டி செய்கிறேன், குருவிக்கும் மண்ணுக்கும் கேடு இல்லாத பொருள் எது, பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்தால் போதுமா?

போதாது. தயவுசெய்து பிஎல்ஏ வேண்டாம். நீங்கள் கல்லூரி இறுதியாண்டு மாணவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அக்கா மகனும் அப்படித்தான் இருந்தான், இதே கேள்வியோடுதான் வந்தான். அன்றைக்கு அவனைத் தடுக்காமல் விட்டதால்தான் இன்று இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் திருச்சி துவாக்குடியில் இயந்திரங்களுக்குப் பேக்கிங் பெட்டி அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாகப் பைன் பலகையோடுதான் பிழைப்பு. பறவையியல் படித்தவன் இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் பலகையையும் திருச்சி வெயிலையும் எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதம், அவன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். பிஎல்ஏவில் பிரிண்ட் செய்தது, சாம்பல் நிறம், சுவர் மூன்று மில்லிமீட்டர் கனம். கூரைமேல் சின்ன சோலார் பேனல். உள்ளே கேமரா, அதன் பக்கத்திலேயே பேட்டரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிரிண்ட் ஆகும்போது விழுகிற கோடுகளைக்கூட உப்புத்தாள் போட்டுத் தேய்த்து உள்ளும் புறமும் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தான். "மாமா, இது மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிற பிளாஸ்டிக். மக்கிப் போயிடும். மரமே வெட்ட வேண்டியதில்லை" என்றான். சோலாருக்கு வெயில் வேண்டுமே என்று மேற்குப் பார்த்த சுவரில் நானே டிரில் போட்டு மாட்டினேன்.

பத்து நாளில் ஜோடி வந்துவிட்டது. வைக்கோல், தேங்காய் நார், எங்கள் வீட்டுத் துடைப்பத்தில் உருவிய பூ, கோழி இறகு என்று உள்ளே மெத்தை போட்டது. நான்கு முட்டையில் மூன்று பொரித்தன. சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். கீழே ஒரு மூலையில் வெப்பநிலை ஓடும். சித்திரை நடுவில் மதியம் மூன்று மணிக்கு 41 காட்டியது, அப்புறம் 43. "கேமரா சிப் பக்கத்தில் சென்சார் இருக்கு மாமா, அதான் கூடக் காட்டுது" என்றான். சிப் சூடாவது உண்மை. அந்தச் சூடும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். பட்டறையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்றரை மணிக்குப் போனைப் பார்த்தால் 47. தாய்க்குருவி துளையை அடைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து, இறக்கையைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் கூரை நடுவில் தொய்ந்து, பேனல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தேன். மூன்று குஞ்சும் மெத்தையை விட்டு, துளைக்கு நேர் கீழே சுவரோடு ஒட்டிக் கிடந்தன. இறகு முளைத்து ஊசி ஊசியாக இருக்கிற பருவம். காற்று வருகிற பக்கம் ஏறப் பார்த்திருக்கின்றன. வழவழவென்ற சுவரில் நகம் எங்கே பிடிக்கும்? இரண்டு போய்விட்டன. ஒன்று ராத்திரி வரைக்கும் இருந்தது. குஞ்சின் உடம்புச் சூடே 40, 41 டிகிரி. அதற்குமேல் வெளிச்சூடு ஏறினால் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகும். கறுப்பு, சாம்பல் நிறப் பரப்பு மேற்கு வெயிலில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். மக்கும் என்கிறார்களே, அதற்கும் கிட்டத்தட்ட அதே சூடு பல வாரம் விடாமல் இருக்கிற தொழிற்சாலை உரக்கிடங்கு வேண்டும். நம் தோட்டத்து மண்ணில் புதைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிஇடிஜி, ஏபிஎஸ் என்று இன்னும் சூடு தாங்கும் பிளாஸ்டிக்குக்கு மாற்றினால் இளகாதே என்பீர்கள். பெட்டி உருகாமல் நிற்கும், உள்ளே சூடு அதே சூடுதான். மெல்லிய பிளாஸ்டிக் சுவர் வெயிலைத் தடுக்காது, ஈரத்தையும் வெளியே விடாது. அக்ரிலிக் இன்னும் மோசம்.

அடுத்த வருடம் என் பட்டறைப் பலகையிலேயே செய்தோம். பழைய பேக்கிங் பெட்டிப் பைன், 18 மி.மீ. கனம். இதில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏற்றுமதிப் பெட்டியில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரிக்குக் குறையாமல் அரை மணி நேரம் சூடேற்றியது என்று பொருள், மருந்து இல்லை. எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, அதை எடுக்காதீர்கள். முத்திரையே இல்லாத பலகை, எண்ணெய்க் கறை படிந்த பலகை, பச்சையாக மருந்து ஏற்றிய பலகை எதுவும் வேண்டாம். அந்தப் பச்சையில் தாமிரத்தோடு ஆர்சனிக்கும் இருக்கலாம்.

பிளைவுட் கேட்பீர்கள். மலிவான கமர்ஷியல் பிளை ஒரு மழைக்கே அடுக்கடுக்காகப் பிரியும், பசையில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு உண்டு. ஐ.எஸ். 710 தரப் பிளை தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றித்தான் வரும். மரநாரைப் பசை போட்டு அழுத்திய எம்டிஎஃப் பலகை பக்கமே போகாதீர்கள். பழைய வீட்டு ஜன்னல் மரம், வேம்பு, மலைவேம்பு, பலா எதுவானாலும் சரி. பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டு பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

உள்ளே பெயின்ட், வார்னிஷ், பாலிஷ் எதுவும் கூடாது. துளைக்குக் கீழே உள்பக்கம் ரம்பத்தால் குறுக்கே எட்டு, பத்துக் கோடு இழுத்துவிடுங்கள், குஞ்சு ஏறி வர அதுதான் படிக்கட்டு. இதை நான் எங்கும் படிக்கவில்லை, அந்த மூன்று குஞ்சுகள் கிடந்த இடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். துளை 32 மி.மீ., அதற்குமேல் வேண்டாம். துளைக்கு வெளியே உட்காரக் குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் வசதி. தரையில் நான்கு வடிகால் துளை, கூரைக்கு அடியில் காற்றுத் துளை. கூரை முன்பக்கம் நான்கு விரல் நீண்டு நிற்கட்டும். ஜிஐ ஆணிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. வெளியே மட்டும் வெள்ளை வாட்டர் பேஸ் பெயின்ட். கறையானுக்கு மருந்து அடிக்காதீர்கள், பெட்டியைச் சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி மாட்டினால் கண்ணில் படும்போதே தட்டிவிடலாம்.

கருவிகளைக் குருவி இருக்கிற அறையில் வைக்கவே வேண்டாம். கூரைக்கு அடியில் பலகை அடித்து ஒரு பரண் மாதிரி தனியாகத் தடுத்து, அதற்கும் பக்கவாட்டில் காற்று விட்டோம். லென்ஸ் மட்டும் ஒரு சின்னத் துளை வழியாகக் கீழே பார்க்கிறது. பதினைந்து சென்டிமீட்டர் தூரத்துக்கு லென்ஸைத் திருகி ஃபோகஸ் வைத்துவிட்டு மூடுங்கள், முட்டை வந்தபிறகு திறக்க முடியாது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்குமேல் சார்ஜ் செய்யக் கூடாது, அதனால் பேட்டரி வீட்டுக்குள்ளே இருக்கிறது, வயர் மட்டும் குழாய்க்குள் போகிறது. பேனல் மொட்டைமாடியில். இருட்டில் பார்க்க 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி போட்டால் சிவப்பு மினுக்கம் தெரியாது, 850இல் லேசாகத் தெரியும். இடுக்கு அடைக்கிற சிலிகான் புளித்த வாடை அடித்தால் அது அமில வகை. வாடை இல்லாத நியூட்ரல் வகை வாங்கி, பூசி இரண்டு வாரம் காற்றாட விடுங்கள்.

கிழக்குப் பார்த்த சன்ஷேடுக்குக் கீழே மாட்டினோம். அந்தக் கத்திரியில் வெளியே 40 காட்டியபோது உள்ளே 39. இரண்டு ஈடு பொரித்துப் பறந்தன.

"சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020இல் தெருவிளக்கு சுவிட்சு பெட்டிக்குள் பறவை கூடு கட்டியதே, அது என்ன மரமா?" என்று ஒருவர் முன்பு என்னிடம் வாதாடினார். அந்த இடத்தைப் பறவையே பார்த்து எடுத்தது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. நம் பெட்டிக்கு இடம், திசை, கனம் எல்லாம் நாம் முடிவு செய்வது, அதனால் பொறுப்பும் நம்முடையது. "பானை கட்டித் தொங்கவிட்டால் போதாதா, கேமரா எதற்கு?" என்றும் சிலர் வருவார்கள். பானை நல்லதுதான், நிழலில் ஆடாமல் கட்டினால் போதும். எங்கள் அம்மா நிலைப்படியில் நெற்கதிர் கட்டுவார், சுவரில் மாட்டிய போட்டோவுக்குப் பின்னால் குருவி கூடு கட்டும், அதற்கு யாரும் சென்சார் வைக்கவில்லை. ஆனால் கேமரா இருந்தால் திறந்து திறந்து பார்க்க மாட்டோம். அந்த 47ஐ எனக்குச் சொன்னதும் சென்சார்தான், நான்தான் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. போன வருடம் ஒரு குடியிருப்புச் சங்கத்தினர் இருபது பெட்டி கேட்டு வந்தார்கள். கேமராவுக்கு ஒன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறு, பேசாமல் கொடுத்தார்கள். பலகையும் ஆசாரி கூலியும் சேர்த்து நான் சொன்ன 380 ரூபாய்க்கு ஒரு மணி நேரம் பேரம். "குருவிக்குத்தானே சார், சேவையா நினைச்சுச் செய்யுங்க" என்று 200க்கு நின்றார்கள். என்னிடம் இருக்கிற ஆசாரிக்கு அறுபத்தொரு வயது. உளியைப் பிடித்தால் முடி நுழைய இடைவெளி விடமாட்டார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிற வேலைக்குப் போய்விட்டார்கள். சேவை செய் என்று ஏன் அவரிடம் மட்டும் சொல்கிறார்கள்? கேமரா கடைக்காரரிடம் அப்படிக் கேட்பார்களா? நான் அந்த ஆர்டரை எடுக்கவில்லை. அவர்கள் வேறு எங்கோ அக்ரிலிக்கில் செய்து மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி.

உங்கள் ஊரிலும் பேக்கிங் பெட்டிப் பட்டறை இருக்கும். எச்.டி. முத்திரை பார்த்து உடைந்த பலகையைக் கேளுங்கள், ஒரு பெட்டிக்கு ஆறு அடி நீளம் போதும். இழைத்துக் கொடுக்கிற ஆசாரிக்குக் கேட்ட கூலியைக் கொடுத்துவிடுங்கள். தை மாதத்துக்குள் மாட்டிவிட்டு, குருவி இல்லாத காலிப் பெட்டியிலேயே ஒரு வாரம் மதியம் மூன்று மணிக்கு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். வெளிச்சூட்டைவிட இரண்டு டிகிரிக்குமேல் கூடினால் இடத்தை மாற்றுங்கள்.