ஈஸ்ட் வளர்ப்பு கேள்வி பதில்: மதுரை வெயிலில் ஸ்டார்ட்டர்

புதூரில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். பாக்கெட் ஈஸ்ட் சேர்க்காமல், மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவைத்து நானே வளர்க்கும் ஈஸ்ட் கலவையில், அதாவது ஸ்டார்ட்டரில்தான் ரொட்டி போடுகிறேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

திருமங்கலத்திலிருந்து: அக்கா, கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து வைத்தேன். இரண்டாம் நாள் பாட்டிலை விட்டு வழியும் அளவுக்குப் பொங்கியது. நாலாம் நாள் ஒரு குமிழி இல்லை. செத்துப்போச்சா?

சாகவில்லை, கொட்டிவிடாதீர்கள். முதலில் பொங்க வைத்தது மாவில் இருந்த பாக்டீரியா. அதில் முக்கியமானது லியூகோனாஸ்டாக். நம் இட்லி மாவு உப்புவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். புளிப்பு ஏற ஏற அது தாங்காமல் ஒடுங்கிவிடும். ஈஸ்ட் அந்தப் புளிப்பைத் தாங்கும், ஆனால் பெருக நாளாகும். இப்போது நீங்கள் பார்ப்பது அந்த இடைவெளி. தினமும் ஒரு கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு புது மாவும் தண்ணீரும் கொடுத்து வாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி எழும்பும். மில்லில் அரைத்த முழுக்கோதுமை மாவு என்றால் சீக்கிரம் வரும். தவிடு நீக்கிய மைதாவில் மெதுவாகத்தான் வரும்.

செல்லூரிலிருந்து: சம அளவு ஸ்டார்ட்டர், மாவு, தண்ணீர், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வீடியோவில் சொல்கிறார்கள். எனக்கு நாலு மணி நேரத்திலேயே பொங்கி அமுங்கிவிடுகிறது.

அந்தக் கணக்கு 20, 22 டிகிரி அடுப்படிக்கு. சித்திரையில் நம் அடுப்படி 35ஐத் தொடும். அந்தச் சூட்டில் ஈஸ்டும் பாக்டீரியாவும் இரட்டை வேகத்தில் தின்னும். அதனால் விதையைக் குறைத்துத் தீனியைக் கூட்டுங்கள்: 10 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் மாவு, 50 மில்லி பானைத் தண்ணீர். கத்திரி வெயிலில் மாவையும் தண்ணீரையும் 100 வரைகூடக் கூட்டலாம்.

கலந்ததும் மட்டம் தெரிய பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள். மாவு இரண்டு மடங்காகி, மேல்பக்கம் குவிந்து நின்று, நடுவில் லேசாகக் குழி விழத் தொடங்கும். அப்போது எடுத்துப் பிசைந்தால்தான் ரொட்டி நன்றாக எழும்பும். கடிகாரத்தை மட்டும் நம்பி ஈஸ்ட் வளர்க்க முடியாது, இதை அழுத்தியே சொல்கிறேன். மோந்தும் பாருங்கள். தயிர் வாசமோ பழ வாசமோ வந்தால் சரி. நெயில் பாலிஷ் நெடி வந்தால் பசியில் இருக்கிறது, உடனே தீனி போடுங்கள்.

மேலூரிலிருந்து: மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நிற்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை, அதுவும் பசிதான். வடித்துவிட்டுத் தீனி போடுங்கள். ஆனால் இளஞ்சிவப்போ ஆரஞ்சோ கோடு ஓடினாலும், பூசணம் பூத்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது வேண்டாம்.

அழகர்கோவில் பக்கமிருந்து: எங்கள் ஊரில் பதநீர் கிடைக்கும். ஆப்ப மாவுக்கு அதையே ஸ்டார்ட்டராக வைக்கலாமா?

பதநீர் புளிக்காமல் இருக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தக் காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் அது கள்ளாகிவிடும், அதற்கு இங்கே தடை. தேங்காய்த் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கலந்து, மூடியை லேசாக வைத்து ராத்திரி விடுங்கள். காலையில் நுரைத்திருந்தால் அதை ஊற்றி மாவு கரைக்கலாம். ஆப்பத்தின் ஓரம் அழகாக வலை பின்னி வரும்.

லண்டனிலிருந்து, சொந்த ஊர் மதுரை: வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். திரவ ஈஸ்ட் பாக்கெட் பழசாகிவிட்டது. பெருக்க முடியுமா?

முதலில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர்ந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லிச் சாற்றுப் பொடி) கரைத்து, கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, 20 டிகிரி அளவுக்கு ஆற்றுங்கள். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். கொதித்து ஆறிய பிறகு அதில் படும் பாட்டில், புனல், கத்தரிக்கோல் எல்லாமே கிருமி நீக்கியதாக இருக்கட்டும். ஈஸ்டைச் சேர்த்து, வாயை அலுமினியத் தாளால் லேசாக மூடுங்கள். இறுக்கி மூடினால் வாயு அழுத்தத்தில் பாட்டில் வெடிக்கும். போகும்போதும் வரும்போதும் குலுக்கிவிடுங்கள், பெருக ஆக்ஸிஜன் வேண்டும். ஒன்று, இரண்டு நாளில் வேலை முடியும். பாக்கெட் ரொம்பப் பழசென்றால் கூடுதலாக ஒரு நாள் பொறுங்கள். அப்புறம் ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் வெள்ளை வண்டலாக அடியில் படியும். மேலே நிற்கும் திரவத்தை வடித்துவிட்டு, வண்டலை மட்டும் பீரில் ஊற்றுங்கள்.