பாட்டி உள்ளே, பேத்தி வாசலில்

கேள்வி: அக்கா, எனக்கு 18 வயது. பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய், கணிதம், அறிவியல் உட்பட ஐந்து பாடத்தில் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) எடுத்தேன். தனியார் கல்லூரியில் தாதியர் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க இன்னும் மூன்று மாதம். தமிழ்ப்பள்ளியில் படித்தவள், ஆங்கிலம் சுமார்தான். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. இப்போதே எதையெல்லாம் படித்து வைக்கலாம்? வீட்டில் நிம்மதியாகப் படிக்கவும் முடியவில்லை. பாட்டிக்கு இனிப்புநீர் (நீரிழிவு), காலில் ஆறாத புண். அம்மா வேலை முடிந்து வந்து கட்டு மாற்றும்போது அந்த வாடை தாங்காமல் வாசலுக்குப் போய்விடுவேன். "நீ போய்ப் படி" என்று அம்மாவும் சொல்லிவிடுவார்.
- பெயர் வேண்டாம், பகாவ்

பதில்: தங்கச்சி, ஆங்கிலத்துக்குப் பயப்படுகிற கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம். பாட்டியைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறாய், அதுவும் படிப்புக்கு இடைஞ்சல் என்ற கணக்கில். நான் அந்த இரண்டு வரியில்தான் நின்றுவிட்டேன்.

நீ மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, போகிறவள். வீட்டுக்குள்ளேயே ஒரு நோயாளி இருக்கிறார். காலையிலிருந்து வெயிலில் உழைத்துவிட்டு வருகிற அம்மா குனிந்து கட்டு மாற்றுகிறார். மூன்று மாதம் வீட்டில் சும்மா இருக்கிற நீ வாசலில் நின்று காற்று வாங்குகிறாய். எழுதும்போது கொஞ்சமாவது கூச்சமாக இல்லையா?

வாடை பொல்லாததுதான், இல்லை என்று சொல்லவில்லை. என் மாமியார் படுக்கையில் கிடந்தபோது முதல் நாள் துணி மாற்றிவிட்டு நான் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்ப உள்ளே வந்தேன். பத்து நாளில் பழகிவிட்டது. வாசலிலேயே நின்றிருந்தால் பழகியிருக்காது.

இன்னொன்று. புண்ணில் கிருமி ஏறுகிறது என்பதை வாடை மாறுவதை வைத்தே சில நேரம் கண்டுபிடிக்கலாம். நேற்று இல்லாத நாற்றம், நிறம் மாறிய சீழ், சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கிற தோல், இதையெல்லாம் பார்த்த உடனே டாக்டரிடம் சொல்வது மிஸ்ஸியின் வேலை. நீ பொத்திக்கொள்கிற மூக்கு அந்த வேலைக்கு வேண்டிய மூக்கு. இனிப்புநீர் முற்றினால் கால் நரம்பு மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, ரத்த ஓட்டம் குறைந்து புண்ணும் லேசில் ஆறாது. வலி இல்லாததால் பாட்டி வாய் திறந்து சொல்ல மாட்டார். பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கவனிக்காமல் விட்டுத்தான் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர் விரலையும் காலையும் இழந்தார்கள்.

உன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை. படிக்கிற பிள்ளை கையில் அழுக்குப் படக் கூடாது என்று நினைக்கிறீர்கள், பாசம்தான். ஆனால் இந்தப் படிப்பில் அழுக்குப் படாத கை கிடையாது. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அதற்காக நாளைக்கே நீயாகக் கட்டைப் பிரிக்காதே. அடுத்த முறை பாட்டியை கிளினிக்குக்கு நீ கூட்டிக்கொண்டு போ. கட்டு மாற்றுகிற மிஸ்ஸியிடம் கேட்டுக் கற்றுக்கொள். எதைக்கொண்டு கழுவுகிறார், எங்கிருந்து எந்தப் பக்கம் துடைக்கிறார், ஒரே பஞ்சால் ஏன் ஒரு தடவைக்கு மேல் துடைப்பதில்லை, எல்லாவற்றையும் கவனி. வீட்டில் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவு. அப்புறம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுது: புண்ணின் நீளம், அகலம், நிறம், வாடை, கட்டு எவ்வளவு ஊறியிருக்கிறது. வார்டில் இதற்குப் பெயர் ரிப்போர்ட்.

ஆங்கிலமா? அந்த நோட்டையே ஆங்கிலத்தில் எழுது. சீழுக்கு என்ன சொல், வீக்கத்துக்கு என்ன சொல் என்று தேடி எழுதினால் ஒரு நாளைக்கு நாலைந்து சொல் சேரும். பாட்டியின் கிளினிக் புத்தகத்தில் எச்.பி.ஏ.1சி என்று ஒரு எண் இருக்கும். கடந்த இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்பதன் கணக்கு அது. உன் உடலியங்கியல் பாடத்தை அதிலிருந்து தொடங்கலாம்.

கணக்கை விட்டுவிடாதே. கணிதத்தில் கிரெடிட் எடுத்தவர்களே மருந்துக் கணக்கில் தடுமாறுவார்கள். மருந்து 5 மில்லிக்கு 250 மில்லிகிராம், டாக்டர் எழுதியது 125. எத்தனை மில்லி? இரண்டரை. இது சுலபம். 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாயில் ஒரு மில்லிக்கு 20 துளி விழும். நிமிடத்துக்கு எத்தனை துளி? 42 என்று வரும் வரை போட்டுப் பார். புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும்.

மூன்று வருடப் படிப்பு, நடுவில் வார்டு, இரவு ஷிஃப்ட், கடைசியில் தாதியர் வாரியத் தேர்வு. அதில் தேறிப் பதிந்தால்தான் பதிவு பெற்ற தாதி. பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்க உயர்கல்விக் கடன் எடுத்தால் அதையும் திருப்பிக் கட்ட வேண்டும். முதல் மாத வார்டிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். கடன் அவர்களோடு வீட்டுக்கு வந்தது.

அடுத்த கடிதத்தில் எந்த அகராதி வாங்கலாம் என்று கேட்காதே. பாட்டி காலில் புண் எத்தனை சென்டிமீட்டர், போன வாரம் எத்தனை இருந்தது, அதை எழுது.